கைலி வாடை

காலையில் திண்ணைக்கு வந்தால், எங்கள் நாய் மணி தானாகவே கூண்டுக்குள் போய்ப் படுத்திருக்கிறது. பதினோரு நாளில் இதுதான் முதல் முறை.

உள்ளே அப்பாவின் பழைய கைலி. மண்டபத்துக் கடலும் மீனும் ஊறிய துணி. மூக்கை அதில் புதைத்துக்கொண்டு தூங்குகிறது.

அடுத்த மாதம் ஜெர்மனிக்குப் போகிறது, அக்காவிடம்.

வெறிநாய்க்கடி ஊசியை முதலில் போட்டுவிட்டு, அப்புறம் தோலுக்கடியில் அடையாளத்துக்கான மைக்ரோசிப் வைத்தோம். அந்த ஊசி செல்லாது என்றார்கள். சிப்தான் முதலில். மறுபடி ஊசி, 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதக் காத்திருப்பு. அவசரப்படுத்தவே முடியாது.

"தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பிடலாமே" என்றார் அப்பா. டாக்டர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். மேலே பறக்கும்போது மூச்சும் ரத்த அழுத்தமும் இறங்கிவிடலாம். கூண்டு ஆடினால் காலூன்றி நிற்கவும் முடியாது. சப்பை மூக்கு நாய்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

அதனால்தான் இந்தக் கூண்டுப் பழக்கம். நிமிர்ந்து நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடமுள்ள கூண்டு. சோறும் அதற்குள்ளேதான்.

விமானம் என்றால் என்ன என்று மணிக்கு எப்படிச் சொல்வது? அதற்கு அது இருட்டும் இரைச்சலும்தான். நாம் கூட அனுப்ப முடிவது தெரிந்த வாடை ஒன்றைத்தான்.

மத்தியானம் கடலிலிருந்து வந்த அப்பா, கட்டியிருந்த கைலியை மாற்றி மடித்து வைத்தார். கிளம்பும் அன்று உள்ளே விரிக்க.

துவைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் இரண்டு முறை சொன்னார்.