சீசன் காசும் மாரித் தவணையும்

திருகோணமலையில் சிறு தொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிக்காரர்கள், படகுச் சவாரி நடத்துபவர்கள், கருவாட்டு வியாபாரிகள், நகரத்துக் கடைக்காரர்கள் என்று பலர் வருகிறார்கள். வரி கூடிப்போய்விட்டது என்ற கவலையோடுதான் வருவார்கள். கொப்பியைப் புரட்டிப் பார்த்தால், வரியின் தொகையைவிட அது வந்து நிற்கும் காலமே அவர்களை அதிகம் வருத்துவது தெரியும்.

எங்கள் கடல் சித்திரைக்குப் பிறகுதான் அடங்கும். மே முதல் செப்டெம்பர் வரை அறைகள் நிறையும். புறாத்தீவுக்குப் படகுகள் ஓயாமல் போய்வரும். மாரி தொடங்கியதும் கையிருப்பில்தான் சீவியம். வரி ஆண்டோ ஏப்ரல் 1ஆம் திகதி தொடங்கி மார்ச் 31ஆம் திகதி முடிகிறது. வருமான வரித் தவணைகள் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. முதல் தவணை மட்டும் சீசனின் நடுவில் வரும். அடுத்த இரண்டும் மழைக்காலத்தில். நான்காவது வரும்போது கையில் இருந்ததெல்லாம் புதிய சீசனுக்காகச் சுவருக்கு நிறமடித்ததிலும் எஞ்சின் திருத்தியதிலும் போயிருக்கும். வரியில் மீதி ஏதும் இருந்தால் செப்டெம்பர் 30க்குள் கட்ட வேண்டும். ஆண்டு வருமானத்தைக் காட்டும் விவரத்திரட்டை நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும்.

ஆகவே, ஓகஸ்டில் லாச்சியில் கிடக்கும் காசு முழுவதும் தங்களுடையதல்ல என்பதை முதலாளிகளுக்கு ஓகஸ்டிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். நவம்பரில் சொல்லிப் பயனில்லை. என்னிடம் வருபவர்களை இன்னொரு வங்கிக் கணக்குத் திறக்கச் சொல்கிறேன். சீசனில் ஒவ்வொரு கிழமையும் ஒரு தொகை அதற்குள் போக வேண்டும். வீட்டுத் தேவைக்கு அதைத் தொடக்கூடாது.

எவ்வளவு ஒதுக்குவது? இந்த இடத்தில்தான் வீண் பயம் நிறைய இருக்கிறது. விற்ற தொகைக்கே வருமான வரி என்று பலர் நினைத்திருக்கிறார்கள். செலவு போக மிஞ்சும் இலாபத்துக்குத்தான் வரி. அதிலும் 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் தனிநபர் நிவாரணமாகக் கழிகிறது. வேறு வருமானம் இல்லாத ஒரு விடுதிக்காரருக்கு ஆண்டு இலாபம் 30 இலட்சம் என்று வைப்போம். மீதி 12 இலட்சத்தில் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அதாவது 60,000 ரூபாய். அடுத்த 2 இலட்சத்துக்கு 18 வீதம், 36,000 ரூபாய். மொத்தம் 96,000; தவணைக்கு 24,000. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியதும், "இவ்வளவுதானா பிள்ளை?" என்று கேட்டவர்கள் உண்டு. இலாபம் ஏற ஏற வீதமும் 36 வரை ஏறும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன்.

ஆனால் இலாபம் எவ்வளவு என்று தெரிந்தால்தானே இந்தக் கணக்கைப் போடலாம்? கடைக் காசிலிருந்தே மீன் வாங்குவது, பிள்ளைகளின் டியூஷன் காசு, கோயில் உபயம், சீட்டுக் காசு எல்லாம் போகும். மார்ச் முடிவில் எது தொழிற்செலவு, எது வீட்டுச் செலவு என்று பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வீட்டுச் செலவை இலாபத்திலிருந்து கழிக்கச் சட்டம் இடம் தராது. தொழிலுக்கு வாங்கிய கடனின் வட்டியைக் கழிக்கலாம். மகளின் கலியாணத்துக்கு நகை அடகு வைத்த வட்டியைக் கழிக்க முடியாது. இரண்டும் ஒரே கொப்பியில் ஒரே பதிவாகக் கிடந்தால், நியாயமாகக் கழிக்கக்கூடியதற்கும் ஆதாரம் இல்லாமல் போய்விடும். படகு வாங்கிய முழு விலையையும் அந்த ஆண்டுச் செலவாகவே எழுதுபவர்களும் உண்டு. அதை 5 ஆண்டுகளுக்குப் பகிர்ந்துதான் கழிக்க வேண்டும்.

இதற்கு நான் கண்ட வழி, முதலாளி மாதம் ஒரு நிலையான தொகையை மட்டும் வீட்டுக்கு எடுப்பது. அதைச் சம்பளம் என்று எழுதி வரியைக் குறைக்க முடியாது, அது சொந்த எடுப்புத்தான். என்றாலும் மாரியிலும் அதே தொகை வீட்டுக்கு வருமென்றால் அடகுக் கடைப் பக்கம் போக வேண்டியிருக்காது. உப்புவெளியில் ஓர் அக்கா இப்படித்தான் நடத்துகிறார். சீசனில் எவ்வளவு வந்தாலும் வீட்டுக்குக் கூடுதலாக எடுப்பதில்லை. அவருடைய கொப்பியைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருக்கிறது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இவர்களின் முதுமை. வேலையாட்களுக்கு ஊழியர் சேமலாப நிதியத்தில் சம்பளத்தில் முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் கட்டுகிறார்கள். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி இன்னும் 3 வீதம் கட்டுகிறார். இத்தனையையும் ஒழுங்காகக் கட்டிவந்த ஒரு கடைக்கார ஐயா, ஓய்வுபெற்ற தன் பணியாளரின் பணத்துக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது, "எனக்கு இப்படி ஒன்றும் இல்லையா?" என்று கேட்டார். சொந்தக் கடையை நடத்துபவருக்கு அப்படி யாரும் கட்டுவதில்லை. சுயதொழில் செய்பவர்களும் ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் தாமாகச் சேரலாம் என்பதைச் சொன்னேன். இப்போது புதிதாக யார் வந்தாலும், வரித் தவணைக்கான ஒதுக்கத்துக்குக் கீழே முதலாளியின் சேமிப்பு என்று ஒரு பதிவையும் முதல் மாதத்திலேயே கொப்பியில் எழுதிவைக்கிறேன்.