முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு

கும்பகோணத்தில் அம்மா இருக்கும் வீடு தாத்தா கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் போட்டு எழுப்பிய சுவர். மூன்று வருஷத்துக்கு முன்னால், வீட்டைப் புதுசாக்குகிறேன் பேர்வழி என்று கூடம், திண்ணை முழுக்க எமல்ஷன் பெயிண்ட் அடித்துவிட்டேன். கூலியோடு 14,000 ரூபாய். முதல் ஐப்பசி மழைக்கே தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை கொப்புளம் கிளம்பிவிட்டது. தட்டினால் பொருக்குப் பொருக்காக உதிரும். உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும்.

எதிர்வீட்டுப் பெரியவர் கொத்தனார் வேலை பார்த்து ஓய்ந்தவர். பார்த்ததும் சொன்னார்: "பழைய சுவருக்குப் பிளாஸ்டிக் சட்டையப் போட்டுட்டீங்களே தம்பி. ஈரம் எங்க போகும்?" அந்தக் காலத்து அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கிற பட்டை எதுவும் கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியாக ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்பு அதை வெளியே விட்டுவிடும், எமல்ஷன் விடாது. கடைசியில் ஈரம் பெயிண்டையே தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறது.

சரி என்று இந்தப் போகிக்கு நாலு நாள் முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டேன். சுரண்டியும் உப்புத்தாளுமாக ஒன்றரை நாள் போனது. வேலையில் பாதி இதுதான். பெயிண்ட் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அதன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, ஏடு ஏடாகக் கழன்றுவிடும்.

அப்புறம் சுண்ணாம்பு. 5 கிலோ சுட்ட சுண்ணாம்புக் கல் வாங்கி, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் வாளியில் போட்டேன். போடக் கூடாது! கல் நீறும்போது எழுகிற கொதிப்பில் வாளி ஒரு பக்கம் இளகிக் கோணிக்கொண்டது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு பழைய இரும்பு அண்டாவை எடுத்துக் கொடுத்தாள். கண்ணில் தெறித்தால் ஆபத்து என்பதால் நான் கண்ணாடி மாட்டிக்கொண்டு தள்ளி நின்றுதான் கிளறினேன். ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் பழைய வேட்டியில் வடிகட்டி, கையில் ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் வஜ்ஜிரப் பசையும், பழுப்புத் தெரியாமல் இருக்க இரண்டு சொட்டு நீலமும் சேர்த்தேன். மோர் பதம்தான் இருக்க வேண்டும். கெட்டியாக அடித்தால் வெடித்து உதிரும்.

சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, வெள்ளையடிக்கும் நார் மட்டையால் அடிக்க ஆரம்பித்தேன். அம்மா திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடா, ஒண்ணுமே தெரியல? வெறுந்தண்ணியையா அடிக்கிற?"

எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஈரத்தில் அழுக்குத் தண்ணீர் பூசிய மாதிரிதான் இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், மேலே காய்ந்த இடமெல்லாம் வெளுத்து, அந்த வெளுப்பு மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. மறுநாள் இரண்டாவது தடவை அடித்ததும் கூடத்தில் ஒரு விளக்கு கூடுதலாகப் போட்டது போல ஆகிவிட்டது. எமல்ஷனின் பளபளப்பு இதில் கிடையாது. சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் லேசாக ஒட்டத்தான் செய்கிறது. எனக்கு அது பரவாயில்லை.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. கொல்லைக் குழாய் சொட்டியதற்கு வாஷர் மாற்றினேன், 10 ரூபாய். முனகிக்கொண்டிருந்த பூஜை அறைக் கதவின் கீலுக்கு எண்ணெய். கழுவித் துடைத்த பிறகுதான் தெரிந்தது, கூடத்து டியூப் லைட்டின் மங்கலுக்குப் பாதிக் காரணம் தூசிதான். வாசற்படிக்கு அம்மாவே காவி பூசினாள். என் கை கோடு நேராக வராதாம்.

காவி, வஜ்ஜிரம், மட்டை எல்லாம் சேர்த்து 900 ரூபாய்க்குள் முடிந்தது, பாழாய்ப் போன வாளி தவிர. நான் அடித்த எமல்ஷன் திண்ணைச் சுவரில் இன்னும் பாக்கி இருக்கிறது. மாசி மகத்துக்கு வரும்போது அதைச் சுரண்ட வேண்டும். நீலம் கலக்காமல் எடுத்துவைத்த மீதிச் சுண்ணாம்பு அண்டாவில் இருக்கிறது; காய்ந்தால் வீண். மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கிறதா என்று தினமும் போனில் கேட்கிறேன். "நிக்குதுடா, முதல்ல நீ சாப்பிட்டியா?" என்கிறாள்.