கிரானுக்கு அந்தப் பக்கம்

நேற்று விடிய மாமி கோல் எடுத்தா. "மகள், றோட்டுக்கு மேலால தண்ணி பாயுது. இந்தக் கிழமை வராத."

மாமி மட்டக்களப்பு மாவட்டத்தில் புலிபாய்ந்தகல் பக்கம் இருக்கிறா. மாரியில் முந்தனை ஆறு பெருகினால் கிரான்–புலிபாய்ந்தகல் வீதி தண்ணீருக்குள் போய்விடும். பிறகு தோணிதான், இல்லாவிட்டால் உழவு இயந்திரப் பெட்டி. இது ஒரு வருடத்துக் கதை இல்லை. போன மாரியில் மாமி அந்தப் பெட்டிக்குள் நின்றபடிதான் கிளினிக் வந்தா. சீனி வருத்தக் கொப்பியைச் சொப்பின் பைக்குள் சுற்றி, நெஞ்சோடு பிடித்திருந்தா. சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது.

நான் கல்லடியில் வளர்ந்தவள். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போகலாம். எதிரே பஸ் வந்தால் காத்து நிற்போம். 2013இல் பக்கத்திலேயே அகலமான புதுப் பாலம் திறந்தார்கள். அடுத்த வருடம் மண்முனைப் பாலமும் வந்தது, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைச் சனம் பாதைக்கு (வாகனம் ஏற்றும் மிதவைக்கு) காத்துக் கிடந்த காலம் அங்கே முடிந்தது. உண்மையிலேயே பெரிய மாற்றம். ஆனால் உள்வீதிகளில் உள்ள தாம்போதிகளை யார் பார்க்கிறார்கள்?

தாம்போதி என்றால் வெள்ளம் மேலால் பாயட்டும் என்று தாழ்வாகப் போட்ட வீதி. கீழே உள்ள குழாய்களை ஆற்றுவாழைச் செடி அடைத்தால் தண்ணீர் முழுவதும் மேலே ஏறும். பாய்ச்சல் ஓரத்து மண்ணை அரித்துவிடும், மேலே தார் மட்டும் தொங்கிக்கொண்டு நிற்கும். கலங்கல் தண்ணீரில் வீதி எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வெள்ளம் வடிந்தபின் கிறவல் கொட்டுவார்கள், அடுத்த மாரி அதையும் கொண்டுபோகும்.

2024 நவம்பரில் அம்பாறை மாவட்டத்தில், காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. வீட்டுக்குப் போகப் புறப்பட்ட பிள்ளைகள். அந்தச் செய்தி வந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை, மாமி நின்று வந்த பெட்டிதான் கண்ணுக்குள் நின்றது.

உயரமான பாலம் கட்டப் பெரிய காசு வேண்டும், சரி. ஆவணி, புரட்டாதியில் குழாய்களைத் துப்பரவாக்கவும், வீதியின் இரண்டு ஓரமும் வெள்ளை அடித்த கம்பம் நடவும் அவ்வளவு காசு தேவையில்லையே. அதையாவது மழைக்கு முன் செய்யுங்கள்.

வியாழக்கிழமை மாமிக்குக் கிளினிக். தண்ணீர் இறங்காவிட்டால் நான் மருந்தை வாங்கிக் கிரானில் நின்று தோணிக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். கொப்பி மாமியிடம் இருக்கிறது. அது முதலில் இக்கரைக்கு வர வேண்டும்.