கேட் எந்தப் பக்கம்?

"கேட்டு எந்தப் பக்கம் சார் வரும்?"

அந்த அக்கா கேட்டது இவ்வளவுதான். "அது இன்னும் முடிவாகலைக்கா" என்று நான் சொன்னதும் இவ்வளவுதான். வருடங்கள் ஓடிவிட்டன. இந்த இரண்டு வரிகள் மட்டும் என்னை விடுவதாக இல்லை.

சென்னையில் அடையாற்றங்கரையில் பூங்கா வருவதற்கு முன் கரையோரக் குடியிருப்புகளில் நாங்கள் நடத்திய கருத்துக்கேட்புக் கூட்டங்களில் அது நாலாவது. படிவத்தில் இரண்டு கட்டங்கள்: எதிர்பார்ப்புகள், அச்சங்கள். முதல் கட்டம் எப்போதும் சீக்கிரம் நிரம்பிவிடும். விளக்கு, பெண்களுக்குக் கழிப்பறை, காலையில் நடக்க இடம், எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தச் சாக்கடை நாற்றம் போக வேண்டும். இரண்டாவது கட்டத்துக்குத்தான் நேரம் பிடிக்கும். கிரிக்கெட் ஆடும் திட்டு போய்விடுமோ என்று பசங்களுக்குக் கவலை. துணி வெளுப்பவர் ஒருவர், கொடி கட்டி உலர்த்த வேறு இடம் எங்கே என்று கேட்டார். இருட்டினதும் குடிக்கிறவர்கள் வந்து உட்காருவார்கள் என்று அம்மாக்கள் சொன்னார்கள்.

ஒரு பெரியவர் எழுந்தார். "மண்ணடிச்சு மேடாக்கிப் பூங்கா போட்டுடுவீங்க. அடுத்த தபா ஏரியத் தொறந்தா தண்ணி எங்க போவும்?" 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்தார்கள் என்ற கணக்கு அவருக்கு மனப்பாடம். தண்ணீர் நின்ற உயரத்தைத் தன் நெஞ்சுக்கு மேலே கை வைத்துக் காட்டினார். சரியான கேள்வி. ஆறு பெருகும்போது பரவுவதற்கென்று இருக்கிற தாழ்நிலத்தை மேடாக்கினால், அந்தத் தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குள்தான் நுழையும். அதை அறிக்கையில் முதலாவதாக எழுதினேன். வடிவமைப்பாளர்களிடம் நானே போய்ப் பேசினேன். நடைபாதையின் மட்டத்தைக் குறைத்தார்கள்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? நான் வேலையை ஒழுங்காகச் செய்தவன் என்று காட்டத்தான். எழுதும்போதே தெரிகிறது.

அந்த அக்கா கேட்டபோது டிராயிங் என் பையில்தான் இருந்தது. அதில் ஒரே ஒரு கேட். மெயின் ரோட்டில், பார்க்கிங்கை ஒட்டி. குடியிருப்புப் பக்கம் நெடுகக் காம்பவுண்டு சுவர். மூலையில் 'வரைவு' என்று அச்சாகியிருந்தது. வரைவு என்றால் முடிவாகாததுதானே. நான் சொன்னதில் பொய் இல்லை.

அவர் அதோடு விடவில்லை. "முடிவாகலன்னா சரி சார். எங்க பக்கம் ஒண்ணு வச்சீங்கன்னா நல்லாருக்கும். வயசானதுங்க ரோட்ட சுத்திக்கினு எப்படிப் போவும்?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். என் பதிலை அப்படியே நம்பினார். நான் 'நுழைவாயில் வசதி குறித்த கேள்வி' என்று எழுதிவிட்டு அடுத்தவரைப் பார்த்துத் தலையசைத்தேன்.

அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் தொல்காப்பியப் பூங்காவை ஒருவர் உதாரணம் காட்டினார். 58 ஏக்கர், 2011-ல் திறந்தது. இஷ்டத்துக்கு ஆட்களை விட்டிருந்தால் அங்கே மரமும் பறவையும் மிஞ்சியிருக்குமா என்றார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது குப்பை கொட்டிக் கெட்டுப்போன ஈரநிலத்தை மீட்ட இடம். அங்கே கட்டுப்பாடு வேண்டும். நாங்கள் போடவிருந்தது புல்தரையும் நடைபாதையும். யாரிடமிருந்து எதைக் காப்பாற்றச் சுவர்? அப்போது இதைக் கேட்கத் தோன்றவில்லை. தோன்றியது, கேட்கவில்லை என்பதுதான் சரி.

ஒரு கேட்டில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் கரையில் எத்தனையோ வீடுகளை எடுத்துவிட்டுக் குடும்பங்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். மிச்சம் இருப்பவர்கள் அளக்க வரும் ஒவ்வொரு டேப்பையும் போடப்படும் ஒவ்வொரு மஞ்சள் கோட்டையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். தங்கள் பக்கம் கேட் வந்தால், தாங்கள் இங்கேயே இருக்கப்போகிறோம் என்று அர்த்தம். சுவர் வந்தால் வேறு அர்த்தம். அந்த அக்கா பூங்காவைப் பற்றிக் கேட்கவே இல்லை என்று சில நாள் தோன்றும். வேறு சில நாள், வீட்டிலிருக்கும் ஒரு வயதான அம்மாவை மனதில் வைத்து நேராகக் கேட்ட கேள்விதான் அது, நான்தான் குற்ற உணர்ச்சியில் எதையெதையோ ஏற்றிப் பார்க்கிறேன் என்றும் தோன்றும். எதுவாக இருந்தாலும் பதில் என் பையில் இருந்தது.

படத்தை விரித்துக் காட்டியிருந்தால்? கூட்டம் கொந்தளித்திருக்கும். அடுத்த கூட்டமே நடந்திருக்காது, பெரியவரின் கேள்வியும் எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் கொந்தளித்திருந்தால் அந்தப் படம் மாறியிருக்கலாம். வரைவு என்று போடுவதே அதற்குத்தானே. அடுத்த கட்டத்தில் 'நுழைவாயில் வசதி' என்ற வரியைப் படித்தவர்கள் மெயின் ரோட்டு கேட்டுக்குச் சாய்தளம் சேர்த்தார்கள். நான் எழுதிய வரிக்கு அதுதான் சரியான பதில். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். மக்களிடம் எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள், முடிவாகாததை முடிவானதுபோல் சொல்லாதீர்கள் என்று சொல்வேன். இன்றும் அது சரியென்றுதான் நம்புகிறேன். போன மாதம் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"சார், டிராயிங் நம்ம கையிலயே இருக்கும்போது ஜனங்க கேட்டா என்ன சொல்றது?"

கொஞ்ச நேரம் எனக்குப் பேச வரவில்லை. அப்புறம், "கூட்டத்துக்குப் போறப்ப டிராயிங்கை எடுத்துட்டுப் போகாதீங்க" என்றேன்.

அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.