ஃபால்ஸ் சீலிங் மூடும் முன் முன்பக்க பைப் போட்டாச்சா?

பள்ளி அரங்கத்தில் முதல் ஒத்திகை. பதினாறு எல்இடி பார் விளக்குகளையும் போட்டாச்சு, மேடை பளபளக்கிறது, பிள்ளைகளின் முகம் மட்டும் தெரியவில்லை. கண்குழியிலும் மூக்குக்குக் கீழும் கருநிழல். அத்தனை விளக்கும் மேடைக்கு நேர்மேலே. பார்வையாளர் பக்கம் ஒன்றுகூட இல்லை. வரைபடத்தில் "ஸ்டேஜ் லைட் 16" என்றுதான் இருந்தது. எங்கே தொங்கும் என்று ஒப்பந்தக்காரர் எழுதவில்லை, நாங்களும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

முகத்துக்கு வெளிச்சம் முன்னாலிருந்து ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் விழணும். விளக்குகளைத் தொங்கவிடும் பைப் தரையிலிருந்து 6 மீட்டர், மேடை 1 மீட்டர், முகம் அதற்கு மேல் 1.5 மீட்டர். ஆக, பைப் முகத்தைவிட 3.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆளுக்கு முன்னாலும் அதே 3.5 மீட்டர் தள்ளியிருக்கணும். மேடை விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே நிற்கிறவருக்கு, பைப் விளிம்பைத் தாண்டி 2.5 மீட்டர் வெளியே வரும். அந்த இடத்தில் ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் பலகை மூடியாகிவிட்டது. பலகையில் எதையும் தொங்கவிட முடியாது. வெட்டித் திறந்து, மேலே கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் அடித்து, பைப்பை இறக்கி, மறுபடி பட்டி, பெயின்ட். தண்டச் செலவு. கிளாம்ப் இறுக்கமாக இருந்தாலும் ஒவ்வொரு விளக்குக்கும் தனி சேஃப்டி வயர் கட்டாயம். கீழே உட்காருவது குழந்தைகள்.

ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் கலக்கும்) விளக்கையே முன்னால் மாற்றிப் பார்த்தோம். அதில் கலந்து வரும் வெள்ளையில் தோல் சாம்பல் பூத்த மாதிரி ஆனது. முகத்துக்கு 3200 கெல்வின் வார்ம் ஒயிட், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் கேட்டு வாங்குங்கள். வண்ணம் பின்னாலிருந்து வந்தால் போதும்.

மெயினைப் போட்டதும் எம்சிபி (மின்சாரம் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்தது. ஓடும்போது லோடு குறைவுதான். ஆன் ஆகும் கணத்தில் எல்இடி பல மடங்கு இழுக்கும். சின்ன எகிறலுக்கே விழும் பி கர்வ் வகையை எடுத்துவிட்டு, அதைத் தாங்கும் சி கர்வ் வகையைப் போட்டு, மூன்று சர்க்யூட்டாகப் பிரித்ததும் நின்றது.

கடைசித் தலைவலி, விளக்குகள் தானாக மினுக்கியது. விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் லைனுக்கு மைக் கேபிளை இழுத்திருந்தார்கள். பிளக் ஒரே மாதிரிதான், கேபிள் வேறு. போதாததற்கு நடுவில் லைனை இரண்டாக்கும் ஒரு ஒய் பிரிவு. 120 ஓம் டிஎம்எக்ஸ் கேபிளில் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கோத்து, கடைசி விளக்கில் 2, 3 பின்களுக்கு நடுவே 120 ஓம் ரெசிஸ்டர் வைத்த டெர்மினேட்டரை (சிக்னல் லைன் முடிவில் மோதித் திரும்பாமல் தடுக்கும் பிளக்) செருகினோம். மினுக்கல் போன இடம் தெரியவில்லை.

நாற்காலிகளை இன்னும் தரையில் பூட்டாதது மட்டும் நல்லதாகப் போனது. பூட்டியிருந்தால் அந்த பைப்புக்குக் கீழே சாரம் நிறுத்தவே இடம் இருந்திருக்காது.