ஸ்ட்ராபெர்ரிக்குப் போகிறவர்கள் பார்க்காமல் வரும் மகாபலேஷ்வர்

மகாராஷ்டிரத்து மலைவாசத்தலமான மகாபலேஷ்வரில், ஆர்தர்ஸ் சீட் முனையைப் பார்க்கப் பதினைந்து நிமிடம் போதும் என்று டாக்சி டிரைவர் சொன்னால், அந்த டாக்சியில் ஏறாதீர்கள். நான் 1,800 ரூபாய் பேசி ஏறினேன். இறங்கும்போது "வெயிட்டிங்" என்று சொல்லி 2,600 கேட்டார். கத்திப் பேசியதில் 2,300க்கு வந்தார். கூடுதலாகப் போன அந்த 500 ரூபாயில் ஒரு நாள் சாப்பாடே முடிந்திருக்கும். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அந்த முனையில் ஒன்றரை மணி நேரம் நின்றதற்கு ஈடு எதுவும் இல்லை.

கீழே சாவித்திரி ஆற்றின் பள்ளத்தாக்கு. எதிரே செங்குத்தான மலைச்சுவர் முழுவதும் கிடைமட்டமான வரிகள். கருப்பாக ஒரு பாறைப்பட்டை, அதன்மேல் புல் முளைத்த ஒரு விளிம்பு, மறுபடியும் கருப்புப் பட்டை என்று அடுக்கு ஏறிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு பட்டையும் ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்தோடி இறுகிய எரிமலைக்குழம்பு. கூம்பு வடிவ எரிமலை எதையும் இங்கே தேடக் கூடாது. நிலம் நீளநீளமாகப் பிளந்து, அந்தப் பிளவுகள் வழியே குழம்பு பொங்கிப் பரவியது. டெக்கான் டிராப்ஸ் எனப்படும் இந்தத் தக்காண எரிமலைப் பாறையில், அரிமானத்துக்குப் பிறகு இன்று மிஞ்சியிருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியில் அடுக்குகளின் மொத்தக் கனம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். அஜந்தாவையும் எல்லோராவையும் குடைந்தது இதே பாறையில்தான்.

இவ்வளவு பெரிய விஷயத்தைப் பற்றி அங்கே ஒரு தகவல் பலகைகூட என் கண்ணில் படவில்லை. செல்ஃபி எடுக்க இடம் காட்டும் பலகை மட்டும் இருந்தது. இது அநியாயம்.

மறுநாள் டாக்சியே வேண்டாம் என்று போலாட்பூர் பஸ்ஸில் ஏறி, அம்பேனலி மலைப்பாதையில் பிரதாப்கட் கோட்டைக்குப் பிரியும் இடத்தில் இறங்கிவிட்டேன். சாலைக்காக மலையை வெட்டிய இடத்தில் அடுக்குகளைக் கையால் தொட்டே பார்க்கலாம். இரண்டு கருப்புப் பாறைகளுக்கு நடுவே ஒரு சாண் உயரத்துக்குச் செக்கச்செவேல் என்று மண் அடுக்கு. விரலால் தேய்த்தால் செங்கல் தூளாக உதிர்கிறது. ஒரு குழம்பு ஓடி முடிந்து, அடுத்தது வரும்வரை கிடைத்த இடைவெளியில் மழையும் காற்றும் பாறையை அரித்து உண்டாக்கிய மண் அது. அதற்குக் கீழே உள்ள பாறை முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். குழம்பிலிருந்து வாயு கொப்பளித்து வெளியேறிய தடம்! சில குழிகளுக்குள் பிற்காலத்தில் வளர்ந்த வெள்ளைப் படிகங்கள், ஊசி ஊசியாக, வெயிலில் மின்னின.

டைனோசர் காலத்து உயிர்களைக் கொன்றது அந்த வாயுதான் என்பது ஒரு தரப்பின் வாதம். கந்தக டை ஆக்சைடு சூரிய ஒளியைத் தடுத்துக் குளிரை உண்டாக்கும். கார்பன் டை ஆக்சைடு நீண்ட காலத்துக்குச் சூடேற்றும், கடலை அமிலமாக்கும். டைனோசர்கள் உட்பட ஏறக்குறைய முக்கால்வாசி உயிரினங்கள் அழிந்த காலமும் இந்த வெடிப்புகளின் காலமும் ஒன்றாகவே இருக்கின்றன. மெக்சிகோவின் சிக்சுலூப்பில் விண்கல் விழுந்ததும் அப்போதுதான் என்பதால் சண்டை ஓயவில்லை. 2019இல் ஒரே அறிவியல் இதழில் இரண்டு குழுக்கள் எழுதின. பிரின்ஸ்டன் குழு இந்தச் சிவப்பு அடுக்குகளில் கிடைத்த சிர்கான் படிகங்களின் வயதை வைத்து, அழிவுக்குச் சற்று முன்பே ஒரு பெரிய வெடிப்புக் கட்டம் நடந்தது என்றது. பெர்க்லி குழு பாறையில் தேங்கிய ஆர்கான் வாயுவை அளந்து வயதைக் கணக்கிட்டு, குழம்பில் நான்கில் மூன்று பங்கு விண்கல்லுக்குப் பிறகே வந்தது என்றது.

விண்கல் விழுந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு இந்த மலையை ஓரங்கட்டுவதை ஏற்க முடியாது. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இனங்களில் பத்தில் எட்டுக்கும் மேல் அழிந்தபோது சைபீரியாவில் இதேபோலக் குழம்பு வழிந்துகொண்டிருந்தது. அங்கே அது நிலக்கரிப் படுகைகளையும் எரித்தது. 20.1 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அழிவின்போது அட்லாண்டிக் கடல் உருவாக நிலம் பிளந்த இடத்தில் அதே கதை. இந்த இரண்டுக்கும் பொறுப்பென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட விண்கல் எதுவும் இல்லை. மூன்று முறையும் அங்கே இருந்தது எரிமலை.

பிரதாப்கட் அடிவாரத்தில் ஒரு மாவ்ஷியின் (மராத்தியில் சித்தி) கடையில் சாப்பிட்ட பித்லா பாக்ரியைச் சொல்லாமல் விட்டால் பாவம். கொதிக்கக் கொதிக்கக் கடலைமாவுப் பித்லா, அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்த சோள ரொட்டியான பாக்ரி, கண்ணில் நீர் வரவைத்த பச்சைமிளகாய்த் தேச்சா. 120 ரூபாய். இரண்டாவது பாக்ரிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். விடுதியில் 350 ரூபாய் கொடுத்துத் தின்ற ஆறிப்போன புலாவை நினைத்தால் வயிறு எரிகிறது.

போகிறவர்களுக்கு: புனேயின் ஸ்வார்கேட் நிலையத்திலிருந்து பஸ் இருக்கிறது. மழைக்காலத்தில் போகாதீர்கள், மூடுபனியில் ஒரு அடுக்கும் தெரியாது. நவம்பருக்குப் பிறகு, வார நாளில் போங்கள். அறை வாடகை பாதியாகிறது. அவ்வளவு தூரம் முடியாதவர்கள் சென்னையிலிருந்து ராஜமுந்திரிக்கு ரயில் ஏறலாம். இதே குழம்பு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் ஓடி கோதாவரிக் கரைவரை வந்திருக்கிறது. அங்கே இரண்டு குழம்பு அடுக்குகளுக்கு நடுவே சிப்பிகள் பதிந்த சுண்ணாம்புக்கல் இருக்கிறது. குவாரிக்குள் போக அனுமதி கேட்க வேண்டும். கையில் காசு சேர்ந்ததும் நான் போகப்போவது அங்கேதான்.