வீடு மாறினால் அடையாள அட்டை: மார்ச் மாதக் குறிப்புகள்

மார்ச் 2, திங்கள்

சிங்கப்பூரில் புது வீட்டுக்குக் குடிபோன 28 நாளுக்குள், குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் முகவரி மாற்றத்தைத் தெரிவித்துவிட வேண்டும். தவறினால் 5,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை என்று சட்டத்திலேயே இருக்கிறது. சாவி வாங்கிய நாள் கணக்கில் வராது, குடியேறிய நாள்தான் கணக்கு. வேலையாட்கள் தரைக்கல் பதித்துக்கொண்டிருக்க, நீங்கள் இன்னும் பழைய வீட்டில்தான் படுக்கிறீர்கள் என்றால் காத்திருங்கள்.

முகவரி மாற்ற அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்குப் போய், வெறுங்கையோடு திரும்பி வரும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2020 அக்டோபர் 1 முதல் எல்லாம் இணையத்தில்தான். கட்டணம் கிடையாது, யாராவது பணம் கேட்டால் அது மோசடி. வேலை அனுமதி அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. அது மனிதவள அமைச்சு பார்க்கும் விவகாரம்.

மார்ச் 4, புதன்

சிங்பாஸ் எனும் அரசாங்க மின்னடையாளக் கணக்கு வழியாக ஆணையத்தின் இணையச் சேவைக்குள் போனதும் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைக் கொடுக்க வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் புளோக்குக்கு ஒரு குறியீடு, அதனால் புளோக் எண்ணும் தெருப் பெயரும் தானே வந்துவிடும். மாடியும் வீட்டு எண்ணும் நம் கையில். #08-412 என்றால் 08 மாடி, 412 வீடு. தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். ஒரு இலக்கம் மாறினால் கடிதம் அடுத்த வீட்டுப் பெட்டியில் விழும். அனுப்புவதற்கு முன் வீட்டு ஒப்பந்தத்தைப் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிடுங்கள்.

குடும்பமாக மாறுகிறவர்கள், பிள்ளைகளையும் அதே விண்ணப்பத்தில் சேர்த்துவிடலாம்.

மார்ச் 10, செவ்வாய்

விண்ணப்பம் அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். முடியவில்லை. புது முகவரிக்குத் தபாலில் ஒரு ரகசிய எண் வரும். மறுபடி உள்ளே போய் அந்த எண்ணைப் பதிந்தால்தான் முகவரி மாறும். நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள் என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சி.

ஆகவே கீழ்த்தளத்து அஞ்சல் பெட்டியின் சாவி முதலில் கைக்கு வர வேண்டும். வாடகை வீட்டில் இதை முதல் நாளே உரிமையாளரிடம் கேட்டு வாங்குங்கள். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பெட்டிச் சாவியை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. விளம்பரத் தாள்கள் திணிந்து கிடக்கும் பெட்டியைக் காலி செய்து வையுங்கள். கடிதம் அவற்றுக்கு நடுவே சிக்கினால், குப்பையோடு போய்விடும்.

மார்ச் 11, புதன்

பிறருக்காக முகவரி மாற்றித் தரும் வசதி ஏன் நிறுத்தப்பட்டது என்று கேட்கிறார்கள். மோசடிக்காரர்கள் திருடப்பட்ட சிங்பாஸ் கணக்குகளில் நுழைந்து, மற்றவர்களின் அடையாள அட்டை எண்ணையும் அட்டை வழங்கிய தேதியையும் வைத்து அவர்கள் முகவரியை மாற்றினார்கள். முகவரி கைமாறினால் தபாலில் வரும் ரகசிய எண்ணும் கைமாறும். இது தெரிந்ததும் 2025 ஜனவரி 11 அன்று சேவை நிறுத்தப்பட்டது. மூன்று நாளில், தனக்கும் தன் குடும்பத்துக்கும் மாற்றும் வழி மட்டும் திரும்பியது. அட்டையின் பின்பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், வழங்கிய தேதி அங்கேதான் இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

ரகசிய எண்ணைப் பதிந்தபின் புது முகவரி ஒட்டுத்தாளை அட்டையில் ஒட்ட வேண்டும். அட்டையின் பின்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்து, பழைய முகவரியின் மேல் ஒரு ஓரத்திலிருந்து விரலால் தேய்த்துக்கொண்டே ஒட்டுங்கள். கைரேகைப் பதிவை மறைக்க வேண்டாம்.

மார்ச் 18, புதன்

அரசாங்க அமைப்புகள் பலவற்றுக்கும் புது முகவரி தானாகப் போய்ச் சேரும். வங்கி, காப்புறுதி, தொலைபேசி, வேலையிடம் ஆகியவற்றுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தொடக்கநிலை ஒன்றுக்குப் பிள்ளையைப் பதியும் பெற்றோருக்கு முகவரி இன்னும் முக்கியம். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று முன்னுரிமை பெற்றால், பதிவு தொடங்கும் நாளிலிருந்து குறைந்தது 30 மாதம் அந்த முகவரியில் குடியிருக்க வேண்டும். அதற்குள் மறுபடி வீடு மாறும் எண்ணமிருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே பள்ளியிடம் பேசிவிடுங்கள்.